காடை வருவதற்குள் அனுப்பிவிடு

மெல்போர்ன்
18 ஏப்ரல் 1972

அக்காவுக்கு,

புரோகோபிஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு அடுப்பில் போட்டுவிடாதே. ஈஸ்டர்தோறும் நான் அனுப்பிய வாழ்த்து அட்டைகள் என்ன கதி ஆயின என்று மச்சான் தனாசிஸ் எனக்கு எழுதிவிட்டார். இது வாழ்த்து அட்டை இல்லை. கொஞ்சம் படித்துவிட்டு அப்புறம் எரி.

என் மகள் தெஸ்பினா ஊருக்கு வருகிறாள். ஆமாம், அம்மாவின் பெயர்தான். இருபத்தொரு வயது. இங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாள். நான் பேசிப் பேசியே அவளுக்கு ஆசை காட்டிவிட்டேன் போலிருக்கிறது. "அப்பா, அந்தத் தீவை நானும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அப்புறமாவது இந்த வீட்ல வேற பேச்சு உண்டான்னு பாக்கலாம்" என்கிறாள். மலை மேல் மடம், கல்லாய்ப் போன மரங்கள், வெந்நீர் ஊற்று எல்லாம் பார்க்க வேண்டுமாம். படகிலேயே உப்புப் போட்டுத் தரும் மத்தி மீன், பூசணிப் பூவில் அரிசி அடைத்து நீ செய்வது, எல்லாம் தின்ன வேண்டுமாம். விடுதியில் தங்குகிறேன் என்றாள். அக்கா வீடு இருக்க விடுதியா என்று நான்தான் திட்டினேன். திட்டிவிட்டேனே தவிர, நீ கதவைத் திறப்பாயா என்று எனக்கே தெரியாது.

ஜூனில் வருவாள். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழா முடிந்ததும் கிளம்பிவிடுவாள். சீட்டு அப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். எப்படி எழுதினாலும் நீ தப்பாகத்தான் எடுத்துக்கொள்வாய், அதனால் நேராகவே எழுதுகிறேன். காடை வருவதற்குள் அவளை அனுப்பிவிடு. எதனாலோ தங்கும்படி ஆனாலும், அவள் தட்டில் காடை வேண்டாம். மற்றது எதுவானாலும் கொடு.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
புரோகோபிஸ்


அம்பெலோனி, லெஸ்போஸ்
7 மே 1972

புரோகோபி,

எரிக்கவில்லை. உன் மச்சான் பக்கத்தில் நின்று காவல் காத்தார்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து வாயைத் திறக்கிறாய். நன்றாக இருக்கிறாயா, முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. சமையலறைக்குச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய்! உன் மகளுக்கு என் வீட்டில் என்ன போட வேண்டும், என்ன போடக் கூடாது என்று. நல்லா இருக்குடா உன் நியாயம்.

தெரியாவிட்டால் தெரிந்துகொள். மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். ஜெர்மனியிலிருந்து வருகிறார்கள், ஏதென்ஸிலிருந்து வருகிறார்கள். பகலெல்லாம் மலை ஏறுகிறார்கள், நண்டு மாதிரி சிவந்து போய் இறங்கி வருகிறார்கள். செப்டம்பரில் வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டுப் பார். மிர்சினி வீட்டுக் காடைச் சோற்றுக்காக. போன வருஷம் ஒரு ஜெர்மன்காரர் சட்டியை வழித்துவிட்டு என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். உன் மச்சான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா காலத்து வழக்கம் உனக்கு மறந்துவிட்டதா? காடை சமைத்தவள் பகலிலேயே ஒரு முழுக் காடையைத் தின்ன வேண்டும். கோயிலில் சாயங்கால மணி அடிக்கும் வரை வேறு யாரும் சட்டியைத் தொடக் கூடாது. அவள் நல்லபடியாக நடமாடினால்தான் சட்டி மேசைக்கு வரும். கடல் தாண்டி வருகிற பறவை, வழியில் எதையோ தின்றுவிட்டு வருகிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு. முதல் வாய் வைக்காமல் இந்த வீட்டில் ஒரு நாளும் காடை பரிமாறியதில்லை. அன்றைக்கும் நான்தான் முதல் வாய் வைத்தேன். மணி அடிக்கும் வரை இருந்தேன். பிறகுதான் அப்பாவுக்கும் உனக்கும் போட்டேன். மறுநாள் காலை வலை இழுக்கவும் போனேன். எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை.

அப்பா செத்தது சுண்ணாம்புச் சூளையில் பத்து ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்ததால். நீ ஊர் கூடி நின்ற இடத்தில், சவப்பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு முன்னால், "நீ போட்ட சோறுதான் அவரைக் கொன்னுச்சு" என்று சொன்னாய். சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டாய். இங்கே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

பெண் வரட்டும். பெண் என்ன பாவம் செய்தாள்? துறைமுகத்துக்கு உன் மச்சானே போவார்.

மிர்சினி


அம்பெலோனி
28 ஜூன் 1972

புரோகோபி,

உன் மகள் வந்து சேர்ந்தாள். இளைத்துப் போய் இருக்கிறாள். அங்கே அவளுக்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா?

கப்பலிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க இவ்ளோ குட்டையா? அப்பா சொன்னதை வச்சு நான் ஒரு பூதத்தை எதிர்பார்த்தேன்" என்றாள். நான் அழலாம் என்று வந்தவள், சிரித்துவிட்டேன். அவள் பேசுகிற கிரேக்கம் இருக்கிறதே, அப்பப்பா! நம் அம்மா காலத்துச் சொல்லையெல்லாம் வெள்ளைக்காரி ராகத்தில் இழுக்கிறாள். காப்பிக்கடைக் கிழவர்கள் வேண்டுமென்றே அவளை நிறுத்தி வழி கேட்கிறார்கள், அவள் பேசிக் கேட்பதற்காக.

மடத்துக்குக் கூட்டிப் போனோம். படியெல்லாம் ஓடியே ஏறினாள். மேலே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கரைத் துருக்கி மலை அன்றைக்குத் துடைத்த மாதிரி தெரிந்தது. "அப்பா இதை விட்டுட்டா போனாரு?" என்று கேட்டாள். பதிலை நீயே சொல்லிக்கொள்.

புருவம், பெயர், வாய்த்துடுக்கு எல்லாம் அம்மாவேதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முற்றத்தில் அவள் முதுகைக் காட்டி நடந்து போகும்போது எனக்குத் திக்கென்றது. இடது தோளைச் சற்றே இறக்கி, பாதத்தை வெளியே வைத்து. அப்பா சூளையிலிருந்து வருகிற நடை. உன் மச்சானிடம் சொன்னேன். அவர், "பேத்தி தாத்தா மாதிரி நடக்காம பின்ன பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியா நடப்பா?" என்றார்.

மத்தி மீனில் ஒரு தட்டு முழுவதும் அவளே தீர்த்தாள்.

மிர்சினி


மெல்போர்ன்
14 ஜூலை 1972

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை என் மனைவிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நீ கதவைத் திறந்ததற்கு நான் என்ன சொல்வது? சந்தோஷம் அக்கா. ரொம்ப சந்தோஷம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. அந்த நடையைப் பற்றி எழுதினாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நீ அன்று முதல் வாய் வைத்தாய். நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவும் நிஜம். ஆனால் அன்றிரவு பின் அறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ தூங்கிவிட்டாய். முதலில் அப்பாவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மலை ஏறி இறங்கியதுபோல் வலிக்கிறது என்றார். பிறகு தொடை, பிறகு முதுகு. தொட்டால் கத்தினார். காலையில் ஒன்றுக்குப் போனது காப்பித் தண்ணீர் நிறம். அப்புறம் போகவே இல்லை. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. எனக்கும் அதே வலிதான், கொஞ்சம் குறைவு. நான் ஒரு காடைதான் தின்றிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா சாகக் கிடக்கும்போது என் காலைப் பற்றி யாரிடம் சொல்வது?

ஒரே சட்டி. நீ எழுந்து வலை இழுக்கப் போனாய், நான் நிமிர்ந்து நிற்க முடியாமல் இருந்தேன். ஏன் அப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அது ஆள் பார்த்து வருகிறது அக்கா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் காடையைத் தொட்டதில்லை.

மாதா திருவிழா முடிந்ததும் அனுப்பிவிடு. கேட்டுக்கொள்கிறேன்.

புரோகோபிஸ்


அம்பெலோனி
5 ஆகஸ்ட் 1972

புரோகோபி,

இரண்டு செய்தி. இரண்டும் உனக்குப் பிடிக்காது.

முதலாவது, உன் மகள் சீட்டை மாற்றிவிட்டாள். செப்டம்பர் கடைசி வரை இருக்கப் போகிறாளாம். நான் தூண்டவில்லை. "அத்தை, அத்திப்பழம் இப்பதான் பழுக்க ஆரம்பிச்சிருக்கு. திராட்சை பறிக்கல, வலை கட்டல. விருந்து பாதியில இருக்கும்போது யாராவது எழுந்து போவாங்களா?" என்று கேட்கிறாள். கடல் முனையில் மாமா காடைக்கு வலை கட்டுவதைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். உனக்கும் எழுதியிருக்கிறாளாம்.

இரண்டாவது. போன வாரம் இவள் மளிகைக்கடைக்குப் போய், தெயோபானிஸிடம், "காடை தின்னா ஆள் செத்துருவாங்கன்னு எங்கப்பா சொல்றாரு, நெஜமா?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாளாம். தெயோபானிஸ் கடையில் கேட்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. மறுநாள் மாடியில் தங்கியிருந்த ஏதென்ஸ் தம்பதி பெட்டியைக் கட்டிவிட்டார்கள். "குழந்தை இருக்கு பாருங்க, அதான்" என்றார்கள். செப்டம்பருக்கு வரும் ஜெர்மன்காரர்களும் கேள்விப்பட்டால் நான் மாடியைப் பூட்டிவிட்டு ஒலிவக்காய் பொறுக்கத்தான் போக வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய அதே பேச்சு. அதே முகங்கள், கிழடு தட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அப்பாவைக் கொன்றது நான்தான் என்று நினைக்கிறாயா? ஆமாம் என்றால் அப்படியே எழுது. உன் மகளை அன்றைக்கே கப்பலேற்றிவிடுகிறேன், அதன்பிறகு எனக்குத் தம்பி கிடையாது. இல்லை என்றால் அவள் என் மேசையில், ஊர் பார்க்க, எல்லோரோடும் உட்கார்ந்து என் கைச் சோற்றைத் தின்னட்டும். காடையும்தான். என் தம்பி மகளே தின்கிறாள் என்றால் ஊர் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இது பாதி அது பாதி என்று எழுதாதே. தந்தியும் அடிக்காதே. தந்தி தெயோபானிஸ் கைக்குத்தான் வரும். அவன் காப்பிக்கடையில் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொண்டு வருவான்.

மிர்சினி


மெல்போர்ன்
19 ஆகஸ்ட் 1972

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. எழுதினேன், கிழித்தேன். என் மனைவி, "உங்க அக்காவா, பொண்ணா, ரெண்டுல ஒண்ணுன்னு ஏன் பாக்கறீங்க? ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு எழுதுங்களேன்" என்றாள். நீ அப்படி எழுதக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறாய்.

தெருக்கோடியில் இருக்கும் டாக்டரிடம் போனேன். காடை தின்று யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நன்றாக வெந்தால் எந்தப் பறவையும் ஒன்றும் செய்யாது என்றார். உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டிருக்கும், உங்களுக்கு ஜுர வலியாக இருந்திருக்கும் என்றார். படித்தவர். நான் தொழிற்சாலையில் இரும்பு அடிக்கிறவன். அவரை விட எனக்கு என்ன தெரியும்?

தெஸ்பினாவின் கடிதமும் வந்தது. "அப்பா, அத்தை என்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறாங்க. ஆனா கடைத் தெருவுல நடக்கும்போது தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நீங்க அவங்களுக்கு என்ன பண்ணீங்க?" என்று எழுதியிருக்கிறாள். பெற்ற பெண்ணே கேட்டுவிட்டாள்.

ஆகையால் பதில். இல்லை அக்கா. நீ அப்பாவைக் கொல்லவில்லை. அவள் உன் மேசையில் உட்காரட்டும். நீ போடுவதைத் தின்னட்டும். ஊர் பார்க்கட்டும்.

முதல் வாய் மட்டும் மறக்காமல் வை. அம்மா செய்த மாதிரி மணி அடிக்கும் வரை காத்திரு. நீ நன்றாக இருந்தால் அவளும் நன்றாக இருப்பாள், இப்படித்தான் இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வரும்வரை ஒன்றும் யோசிக்கக் கூடாது என்றிருக்கிறேன்.

உன் தம்பி
புரோகோபிஸ்


அம்பெலோனி
9 செப்டம்பர் 1972, சனி

என் தம்பி புரோகோபி,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. தோட்டத்துக்குப் போய், ஒருவரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு தெயோபானிஸ் கடைக்குப் போய், வேண்டுமென்றே அரை மணி நேரம் நின்று, தேவையில்லாத ஊசி நூல் எல்லாம் வாங்கிக்கொண்டு, "தம்பி எழுதியிருக்கான். மகளைக் காடை விருந்துக்கு இருக்கச் சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சின்னப் புத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று வடக்குக் காற்று திரும்பியது. இன்று விடியலில் காடைகள் வந்துவிட்டன. முனையில் தைம வாசனைப் புதர்களுக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்து, பறக்கத் தெம்பில்லாமல் கிடந்தன. உன் மகள் வலைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து போட்டோ எடுத்தாள். "பாவமா இருக்கு மாமா, எவ்ளோ தூரம் பறந்து வந்திருக்கு" என்றாள். அவர், "இரு, சட்டியில பாத்தா பாவம் போயிடும்" என்றார்.

பதினோரு மணிக்கு நான் ஒன்றைத் தின்றேன். முழுசாக, எலும்பைக்கூட உறிஞ்சி. இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துணி துவைத்தாயிற்று, மாடி அறைகள் பெருக்கியாயிற்று. கையும் காலும் எப்போதும் போலத்தான். பெண்ணைச் சட்டிப் பக்கமே விடவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள்.

மணி அடிக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஞாயிறு

விருந்தைப் பற்றி எழுதத்தான் காகிதத்தை எடுத்து வைத்தேன். எழுதிவிடுகிறேன், அது நடந்ததுதானே. முற்றத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். ஜெர்மன்காரர்கள், பாதிரியார், தெயோபானிஸும் அவன் மனைவியும். வரச் சொல்லாமலே பாதித் தெரு. தெஸ்பினா எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று காடை தின்றாள். நான் போதும் என்றேன். "அத்தை, அப்பா தின்னாம விட்டதுக்கெல்லாம் சேத்துத் தின்னறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெயோபானிஸ் எழுந்து என் கைக்கு வாழ்த்துச் சொல்லிக் குடித்தான். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

காலையில் அவள் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து முனையில ஏறி இறங்கினது பிடிச்சுக்கிச்சு அத்தை" என்று சிரித்தாள். நான் எண்ணெய் எடுத்து வந்து தொட்டேன். தொட்டதும் கத்தினாள். நிற்க வைத்துப் பார்த்தேன், முட்டி மடிந்துவிட்டது. பிறகு அவள் ஒன்றுக்குப் போயிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். நீ எழுதியிருந்த நிறம்.

ஜெர்மன்காரர்கள் கீழே கடலில் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். பாதிரியார் பூசை முடித்துவிட்டார். தெயோபானிஸ் கடையைத் திறந்துவிட்டான். உன் மச்சான் நன்றாக இருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை, புரோகோபி, ஒன்றுமே இல்லை. நின்ற இடத்தில் காலை உதைத்து உதைத்துப் பார்த்தேன், எனக்கும் வலிக்கட்டும் என்று.

இப்போதுதான் புரிகிறது. நான் தின்று பார்த்தது என் உடம்புக்குத்தான். அம்மாவும் அப்படித்தான் தின்று பார்த்தாள், அவளுக்கும் ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. நான் அம்மா வழி. அப்பாவும் நீயும் வேறு. இந்தப் பெண் அப்பாவின் நடையை மட்டும் கொண்டு வரவில்லை. முற்றத்தில் அவள் நடந்து போனபோதே எனக்கு அது தெரிந்தது, தெரிந்தும், காடை அவளுக்கு ஆகுமா என்று கேட்காமல், நான் கொன்றேனா என்று உன்னிடம் கேட்டேன். நீ ஆமாம் என்றே எழுதியிருக்கலாம். தம்பி இல்லாமல் இருந்து பழகியவள்தானே நான்.

உன் மச்சான் மிட்டிலீனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லாரி பார்க்கப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுகிறவனைத் தேட வேண்டும். தந்தி கொடுக்கச் சொல்லிவிட்டேன், இதற்கு முன்னால் அது உன் கையில் இருக்கும். அதற்குப் பின்னால் என்ன தந்தி வரும் என்று எனக்குத் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். சற்று முன் மேலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, அப்பாவுக்குத்தானே எழுதறீங்க? நானும் ரெண்டு வரி எழுதணும், காகிதத்தை மேல கொண்டு வாங்க. மூணு தின்னேன், ஒண்ணும் ஆகலைன்னு எழுதணும்."

கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மிர்சினி